ஹார்ட்விக் கோமகனின் எட்டாவது சாட்சி

நவரட்ணத்துக்குப் பொய் சொல்ல வராது. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது, இவருக்குப் பொய் வராது. அகதி வழக்கு விசாரணையில் இலங்கையில் ஆமி இவரை எத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது என்று கேட்டார்கள். ஒரு கிழமை என்று சொல்லும்படி வக்கீல் மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். இவரோ, "ஒரு பின்னேரம்தான். தேத்தண்ணியும் தந்தவங்கள்" என்று சொல்லிவிட்டார். வக்கீல் தலையில் கை வைத்தார். வழக்கு மேலும் இரண்டு வருடம் இழுபட்டது. சொந்தபந்தத்துக்குள் இந்தக் கதை பரவி, டொரொன்டோ முதல் டோர்ட்முண்ட் வரை "ரட்ணம் சொன்னால் சரி" என்று ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் நகர மையத்திலுள்ள மியூசியம் ஒன்றில் பதினொரு வருடமாகச் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். அஜின்கோர்ட்டிலிருந்து பஸ், பிறகு சப்வே, பிறகு எட்டு மணி நேரம் நிற்பது. நிற்கும் இடத்தில் எது வைத்திருக்கிறார்களோ அதைக் கரைத்துக் குடித்துவிடுவது அவருடைய பழக்கம். இந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு வாய்த்தது ஜெர்மனியிலிருந்து வந்த கண்காட்சி. எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முன் வாழ்ந்த ஹார்ட்விக் என்ற கோமகன் ஒருவனும் அவனுடைய குடும்பமும் பற்றியது.

இரண்டாம் கிழமையே நவரட்ணத்துக்கு ஹார்ட்விக்கைப் பிடிக்காமல் போய்விட்டது. அவனுக்கு ஒன்பது வயதில் தகப்பன் செத்தான். தாயின் தமையன் எடுத்து வளர்த்தான். வளர்த்த மாமனையே இருபதாவது வயதில் கோட்டையை விட்டுத் துரத்தினான். அடுத்த வருடம் யூத்தா என்ற பெண்ணைக் கட்டினான். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தினார்கள். நான்கு பெண்பிள்ளைகள், ஒரு ஆண்பிள்ளை பிறந்த கிழமையே தவறிவிட்டது. அதன் பிறகு பக்கத்து நாட்டில் உப்புச் சுரங்கத்தோடு ஒரு விதவை இருக்கிறாள் என்று கேள்விப்பட்டான். அவ்வளவுதான், ஐயாவுக்குத் திடீரென்று பக்தி பொங்கிவிட்டது. ஏழு தலைமுறைக்குள் இரத்த உறவு இருந்தால் கலியாணம் செல்லாது என்பது அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டம். ஏழு கிழவர்களைக் கூட்டிக்கொண்டு பிஷப்பிடம் போனான். தன்னுடைய பூட்டனும் யூத்தாவின் பூட்டியும் கூடப்பிறந்தவர்கள் என்று சத்தியம் பண்ண வைத்தான். ஒரே பின்னேரத்தில் கலியாணம் இல்லாமல் போயிற்று. யூத்தாவைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளை அங்கும் இங்குமாகக் கட்டிக் கொடுத்தார்கள். கோமகன் உப்பு விதவையோடு மூன்று வருடம் இருந்தான், வயிற்றோட்டத்தில் செத்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வம்ச அட்டவணை இருந்தது. ஆட்டுத் தோலில் வரைந்த வட்டங்கள், வட்டத்துக்குள் பெயர், வட்டத்துக்கு வட்டம் கோடு.

"பூட்டன் பூட்டி உறவெல்லாம் ஒரு உறவோ?" என்று நவரட்ணம் தினமும் கொதிப்பார். "எங்கட ஊரில உதுக்குச் சந்தோசப்பட்டுக் கட்டி வைப்பாங்கள்."

அடுத்த கூடத்தில் நிற்கும் கிளிபோட் பாசையூர்க்காரன், கத்தோலிக்கன். "அண்ணை, நானும் மச்சாளைத்தான் கட்டினனான். சொந்தத் தாய்மாமன்ர மோள். ஆனா பிஷப்பிட்டைக் கடிதம் வாங்கித்தான் தாலி கட்டினது. சேர்ச்சுக்கு மாமன் மோளும் ஒண்டுதான், சித்தப்பன் மோளும் ஒண்டுதான்."

"அதென்னண்டு ஒண்டாகும்? மாமன்ர மோள் மச்சாள். சித்தப்பன்ர மோள் தங்கச்சியல்லோ!"

"உதை நீங்கள் ரோமாபுரிக்கு எழுதிக் கேளுங்கோ."

வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் இதே கதைதான். மனைவி யோகமலர் கறியைப் பரிமாறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். இருபத்தொன்பது வருடமாக அவருடைய கதைகளுக்கெல்லாம் சிரிக்கிறவள், இந்தக் கோமகன் கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை. நவரட்ணம் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முந்திய குடும்பத்தில் இருந்த அக்கறை அப்படி.

கண்காட்சியின் கடைசி அறையில் ஒரு வெறுஞ்சுவர் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் தங்கள் குடும்பத்தையும் கோமகனின் அட்டவணை போலவே வட்டங்களில் எழுதி ஒட்டலாம். சுவர் வெறுமையாகக் கிடக்காமல் முதலில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்று நிரப்பித் தாருங்கள் என்று தாள் கொடுத்தார்கள். அடியில் பிள்ளையின் பெயர், மேலே தாய் தகப்பன், அதற்கு மேலே நான்கு வட்டம், அதற்கும் மேலே எட்டு.

ஞாயிற்றுக்கிழமை மகள் மயூரி வந்திருந்தாள். மிசிசாகாவில் வேலை, அங்கேயே வாடகைக்கு இருக்கிறாள், இருபத்தாறு வயது. தாளைக் கண்டதும் "நான் செய்யிறன்" என்று பிடுங்கிக்கொண்டாள். தகப்பன் பக்கம் கடகடவென்று நிரம்பியது. நவரட்ணத்தின் தகப்பன் கனகசபை, அவருடைய தகப்பன் கந்தையா, புகையிலை வியாபாரம்.

"அம்மா, உங்கட சைட்?"

"அப்பா சண்முகநாதன். அவற்ற அப்பா கந்தையா. வவுனியா. மிச்சம் எனக்கு ஞாபகமில்லை."

இரண்டு பக்கமும் கந்தையா என்றதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் கல்லெறிந்தால் ஒரு கந்தையாவின் மேல்தான் விழும்.

"உங்கட அப்பான்ர அம்மாவிட பேர் உங்களுக்குத் தெரியாதா? சீரியஸ்லி?"

"தெரியாது பிள்ளை. விடு" என்று யோகமலர் குசினிக்குள் போய்விட்டாள்.

விடுகிற பிள்ளையா மயூரி? அம்மாவின் அலுமாரியைக் கிண்டி, தாத்தா சண்முகநாதன் செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: காலஞ்சென்ற கந்தையா அன்னம்மா தம்பதிகளின் ஏக புத்திரன். மயூரி வட்டத்துக்குள் அன்னம்மா என்று அழகாக எழுதினாள். எழுதியதைப் படமெடுத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லி, டோர்ட்முண்டில் இருக்கும் தவமணிக்கு அனுப்பினாள். தவமணி நவரட்ணத்தின் தகப்பனுடைய தங்கை, அவருக்கு மாமி. எண்பத்தாறு வயது. குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே மூத்தவர், நூற்று நாற்பத்து மூன்று பேர் கொண்ட வட்ஸ்அப் குரூப்பின் அதிபதி.

கால் மணி நேரத்தில் குரல் செய்தி வந்தது. மயூரி மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரட்ணம், உதென்னடா எழுதியிருக்கு? வவுனியா அன்னம்மாவோ? எங்கட அப்பு புகையிலை ஏத்திக்கொண்டு போற இடத்தில வைச்சிருந்தவர், அந்த அன்னம்மாவோ? அவளுக்கு ஒரு பெடியன் இருந்தவன். சண்முகநாதன்தான் பேர். உன்ர கொப்பர், என்ர அண்ணர், ஒருக்கா அவனை வவுனியா ஸ்ரேஷனில கண்டு அடிக்கப் போனவர். ஐயோ கடவுளே, அப்ப உன்ர மனிசி ஆர்? உனக்குச் சித்தப்பன்ர மோளெல்லோடா! நீ எனக்குப் போன் எடு. நீ ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் நான் குரூப்பில சொல்லுவன். சொல்லத்தான் வேணும். ரத்தம் ரத்தம்தான்."

மயூரி முதலில் சிரித்தாள். "சோ வாட்? நீங்கள் ஹாஃப் கசின்ஸ். அம்மம்மாவும் அம்மப்பாவும் கசின்ஸ்தானே? நீங்கள்தானே சொன்னனீங்கள், எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கட்டுறது எண்டு."

"அது மச்சாள்" என்றார் நவரட்ணம். அவருடைய குரல் அவருக்கே எங்கேயோ இருந்து கேட்டது. "இது..."

அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை. தங்கச்சி. ஒரே கந்தையாவின் இரண்டு மகன்கள், ஒருவரின் மகன் இவர், மற்றவரின் மகள் அவள். வட்டங்களும் கோடுகளும் மேசையில் விரிந்து கிடந்தன, எவரும் மறுக்க முடியாதபடி மயூரியின் அழகான எழுத்தில்.  அவர் யோகமலரைப் பார்த்தார். அவள் குசினி வாசலில் நின்றாள். திரும்பிப் போய் அடுப்பை நிறுத்தினாள்.

அன்று நவரட்ணம் சாப்பிடவில்லை. மயூரியின் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கலியாணம் நடந்தது தொண்ணூற்றைந்து ஆனியில். சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். தபால் வவுனியா மட்டும்தான், யாழ்ப்பாணத்துக்குப் போனும் இல்லை, தபாலும் இல்லை. அவருடைய தாய் தகப்பனுக்குச் செய்தி போய்ச் சேரவே எட்டு மாதம் ஆயிற்று, அதுவும் பெண்ணின் பெயர் மட்டும்தான். ஸ்காபரோவில் கூட்டாளிகள் பெண்ணின் தகப்பன் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பெண்ணின் அப்பம்மா பெயர் என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை. யார்தான் கேட்டிருக்கிறார்கள்? ஹார்ட்விக்கின் திருச்சபை கேட்டது. அந்த அட்டவணையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவு வட்டம்.

பின்னேரம் மயூரி காருக்குப் போகுமுன் கதவைத் தட்டினாள். "அப்பா, இட்ஸ் ஓகே. லோவில பிரச்சினை இல்லை. நான் செக் பண்ணினன்."

"ஓம் பிள்ளை. கவனமாப் போ" என்றார். சட்டத்தை யார் கேட்டது?

திங்கட்கிழமை விடியமுன்னமே எழும்பி, யோகமலரின் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனார். மத்தியானம் வரை ஹார்ட்விக்கின் அட்டவணைக்கு முன்னாலேயே நின்றார். இந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எத்தனை நாள் கொதித்திருப்பார். இப்போது அதே கேள்வி அவருடைய கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கோமகனுக்காவது பூட்டன் பூட்டி. இவருக்கும் யோகமலருக்கும் அப்பப்பாவே ஒரே ஆள். பிள்ளையும் பெற்று, முப்பதாவது கலியாண நாளுக்கு அட்வான்ஸ் கொடுத்து ஹோல் பதிந்தாயிற்று. மாமிக்குப் போன் எடுத்து ஓம் என்று சொன்னால் பொழுதுபடுமுன் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். பிறகு யோகமலர் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவாள்? இல்லை என்று சொல்லவோ அவருக்கு வராது.

சாப்பாட்டு நேரத்தில் கிளிபோட் ஓடி வந்தான்.

"அண்ணை, உங்கட டியூக் சரியான கள்ளன் தெரியுமோ? கண்காட்சியோட வந்த ஜெர்மன் அம்மா இப்ப ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவ. அந்தத் தோலில கிடக்கிற எழுத்து ஏழு கிழவனையும் கூட்டிக்கொண்டு போன வருஷத்தில எழுதினது இல்லையாம். கலியாணம் கட்டின வருஷமே எழுதினதாம். உறவெண்டு முதல் நாளே அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பதினெட்டு வருஷம் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்திருக்கிறான். தேவைப்படேக்கை எடுப்பம் எண்டு!"

"முதல் நாளே தெரியுமோ?" என்று கேட்டார் நவரட்ணம்.

"தெரியும் எண்டுதான் சொல்லுறா."

தெரிந்தே வைத்திருந்தான். நவரட்ணத்தின் கண்ணுக்கு முன்னால் குசினி வாசல் வந்தது. மாமியின் குரல் ஐயோ கடவுளே என்று கத்தியபோது மயூரி சிரித்தாள், அவர் உறைந்து போனார். யோகமலர் என்ன செய்தாள்? அதிர்ந்தாளா? என்ன மாமி சொல்லுறா என்று கேட்டாளா? கேட்கவில்லை. அடுப்பை நிறுத்தினாள். அன்னம்மாவின் பெயர் தனக்கு ஞாபகமில்லை என்றாள், கல்வெட்டு அவளுடைய அலுமாரியில் இருக்கும்போதே.

மேற்பார்வையாளரிடம் போய் வீட்டில் பிரச்சினை என்று உள்ளதைச் சொல்லி அரைநாள் லீவு எடுத்தார். சப்வேயில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

யோகமலர் மேசையில் இருந்தாள். அவர் இந்த நேரத்தில் வருவார் என்று தெரிந்தவள் போல இருந்தாள். அவளுக்கு முன்னால் நீலநிற எயார்மெயில் கடிதம் ஒன்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பசைநாடா ஒட்டிக் கிடந்தது. நகைப்பெட்டியின் அடித்தட்டு பக்கத்தில் கழற்றி வைத்திருந்தது.

"இந்தாங்கோ" என்றாள். "உங்களுக்கு இது தேவைப்படும்."

நவரட்ணம் நின்றபடி வாசித்தார். *மகள் யோகத்துக்கு. நீ எழுதின பெடியனின் தகப்பன் கனகசபை, என்னுடைய அப்பாவின் மூத்த குடும்பத்துப் பிள்ளை. அந்தப் பெடியன் உனக்குத் தமையன் முறை. இந்தக் கலியாணம் வேண்டாம். நடந்தால் எனக்கு மகள் இல்லை.* கீழே சண்முகநாதன் என்று கையெழுத்து. மேலே திகதி. கலியாணத்துக்கு மூன்று கிழமை முந்தியது.

 கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணத்துக்கு முதலே வந்ததோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கட்டியிருக்க மாட்டியள்."

"கட்டியிருக்க மாட்டன்தான்!" என்று கத்தினார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. "உம்மட அப்பா பிறகு ஒரு கடிதமும் போடேல்லையே எண்டு கேக்கேக்கை சண்டையால எண்டு சொன்னனீர். செத்தவீட்டுக்குப் போகேல்லையோ எண்டு கேக்கேக்கை பேப்பர் சரிவரேல்லை எண்டு சொன்னனீர். எல்லாம் பொய்யோ?"

"எல்லாம் பொய்தான்." யோகமலர் அழவில்லை. "அப்ப எனக்கு இருபத்தேழு வயது. பேஸ்மென்டில நாலு பேரோட ஒரு அறை. ஏஜென்சிக்காரன் பொய், வீட்டுக்காரன் பொய், கேஸ் எழுதித் தந்தவன் பொய். நீங்கள் முதல் நாள் வந்து என்ன சொன்னனீங்கள்? எனக்கு வேலையில்லை, கேஸ் இழுபடுது, முன்பல்லு ஒண்டு கட்டினது எண்டு சொன்னனீங்கள். நான் அண்டைக்கே முடிவு பண்ணிப்போட்டன், இந்த மனிசனை விடுறேல்லை எண்டு. மூண்டு கிழமை கழிச்சு இந்தக் கடிதம் வருது. நான் என்ன செய்ய? அப்பாவை விட்டன். உங்களை விடேல்லை."

நவரட்ணம் கடிதத்தின் திகதியை மறுபடி பார்த்தார்.

"உங்கட டியூக்கின்ர கதையை ஒவ்வொரு நாளும் மேசையில போடேக்கை எனக்கு நெஞ்சு பதறும். அந்தப் பெட்டை, யூத்தா, பிறகு என்ன செய்தாளெண்டு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. இப்ப சொல்லுங்கோ, நான் எங்கை போக? மயூரியிட்டைப் போறதோ?"

ஹார்ட்விக் தோலைப் பெட்டிக்குள் வைத்திருந்தான், வேண்டாமென்றால் எடுத்துக் காட்ட. இவளும்தான் வைத்திருந்தாள். வைத்திருந்ததை இன்றைக்கு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பிஷப்புக்கு முன்னால் நிற்கிற யூத்தா போல உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் இந்த வீட்டில் ஹார்ட்விக் யார்? நினைக்கவே நவரட்ணத்துக்கு உடம்பு கூசியது.

போன் அடித்தது. டோர்ட்முண்டில் இரவு எட்டு மணி, தவமணி மாமிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. யோகமலர் எழும்பி அறைக்குள் போகப் போனாள். "இரும்" என்றார் நவரட்ணம். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடா ரட்ணம், ஒரு நாளாப் போனும் இல்லை கதையும் இல்லை. அவள் அந்த அன்னம்மான்ர பேத்திதானே?"

அவர் வாயைத் திறந்தார்.   கையிலிருந்த நீலக் கடிதம் படபடவென்று ஆடியது.

"இல்லை மாமி."

"என்ன இல்லை?"

"அது வேற அன்னம்மா. யோகத்தின்ர அப்பப்பா... திருகோணமலையால வந்தவர். தபால் கந்தோரில வேலை. புகையிலைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

"சண்முகநாதன் எண்டு போட்டுக் கிடக்கே?"

"அது வேற சண்முகநாதன்." நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "நான் எல்லாம் விசாரிச்சனான். கல்வெட்டிலயும் வடிவாக் கிடக்கு. நீங்கள் குரூப்பில ஒண்டும் போடாதேங்கோ."

 யோகமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேய் அறைந்தவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சரியடா தம்பி" என்றார் தவமணி மாமி கடைசியில். "அப்ப நான்தான் பிழைவிட்டிட்டன். வேற ஆராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டன். ஆமிக்காரனுக்குக் கூட நல்ல பேர் வாங்கிக் குடுத்த பிள்ளை நீ. உன்ர வாயில பொய் வராது."

போன் நின்றது. நவரட்ணம் கதிரையில் விழுந்தார். சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. யோகமலர் கிட்ட வரப் பயந்து, மேசையின் அந்தப் பக்கமே நின்றாள். 

"எனக்கு இன்னும் நடுக்கம் போகேல்லை" என்றார் அவர். "உம்மைப் பார்க்க என்ன நினைக்கிறதெண்டு தெரியேல்லை. உள்ளதைச் சொல்லுறன். கோபமும் கிடக்கு, பயமும் கிடக்கு."

"தெரியும்."

"இஞ்சேரும்." அவர் தன்னுடைய கையைத் தூக்கிப் பார்த்தார். அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு பொய். அரை நிமிசம் கூட இல்லை. அதுக்கே எனக்கு உயிர் போய் வந்திட்டுது. நீர் இதை இருபத்தொன்பது வருஷம் தனிய வைச்சிருந்தனீரோ?"

யோகமலர் அப்போதுதான் அழுதாள்.